ஒரு நாய்க்கும் பெயர் எழுதிய பள்ளத்தாக்கு



பிரான்சில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் அந்த நாட்டின் தென்பகுதியைச் சுற்றிப் பார்த்துவிட்டு முப்பது நாற்பது படங்கள் அனுப்பியிருந்தார். வெளிறிய சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள், அடியில் வளைந்து ஓடும் ஆறு, பாறையோடு ஒட்டி நிற்கும் கல் வீடுகள். படங்களோடு ஒரு கேள்வியும் வந்தது: "சார், நம்ம திருவண்ணாமலைப் பக்கம் இப்படிப் பழைய கிராமம், பள்ளத்தாக்கு எதுவும் இல்லையே, ஏன்?"

இருக்கிறது, தம்பி. கிரிவலப் பாதையிலிருந்து மேற்கே 35 கிலோமீட்டர் போனால் போதும். உனக்கு வாட்ஸ்அப்பில் நாலு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன். மற்ற நண்பர்களும் படிக்கட்டும்.

முதலில் நீ பார்த்த ஊரைப் பற்றியே பேசலாம்.

தென் பிரான்சின் அந்தப் பகுதியில் டோர்டோன், வெசேர், லொத், தார்ன் என்று பல ஆறுகள் ஓடுகின்றன. அங்குள்ள பாறை பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அந்த நிலம் கடலடியில் இருந்தது. சிப்பிகளும் கடல் உயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகிப் பாறையாயின. சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு குணம் உண்டு: மழைநீரில் கலந்திருக்கும் லேசான அமிலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். அதனால் ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்குகளை வெட்டின. பாறைக்குள் குகைகள் உண்டாயின. மேட்டு நிலத்தில் பெய்யும் மழை நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். உழவுக்குக் கடினமான அந்த மேட்டு நிலங்களில் மக்கள் செம்மறி ஆடு மேய்த்துப் பிழைத்தார்கள். கோஸ், செவென் என்னும் அந்த மேய்ச்சல் நிலப் பகுதியை 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அரண்மனைக்காகவோ கோட்டைக்காகவோ தந்த மதிப்பு அன்று அது. ஆடு மேய்த்தவர்கள் பல நூற்றாண்டுகளாக உருவாக்கிய நிலம் என்பதற்காகத் தந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள், பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

அதே பகுதியில் ரொகமடூர் என்று ஒரு மலைச்சரிவு ஊர் இருக்கிறது. சில நூறு பேர் மட்டுமே குடியிருக்கும் ஊர். ஆனால் இடைக்காலத்திலிருந்தே யாத்திரைத் தலம். அங்குள்ள 216 படிகளைப் பக்தர்கள் முழங்காலிட்டு ஏறும் வழக்கம் இருந்தது. அடிப்பிரதட்சணம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

வெசேர் ஆற்றங்கரையில் மோன்டினியாக் என்று ஒரு சிற்றூர். அதன் அருகே லாஸ்கோ குகை. 1940 செப்டம்பர் மாதம். அந்த ஜூன் மாதம்தான் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்திருந்தது. மர்செல் ரவிதா என்ற 18 வயது இளைஞன், மரம் சாய்ந்த இடத்தில் ஒரு துளையைக் கண்டான். அவனுடைய நாய் ரோபோதான் அந்தத் துளையைக் காட்டிக்கொடுத்தது என்று ஊரார் கதை சொல்வார்கள். செப்டம்பர் 12 அன்று மூன்று சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே இறங்கினான். சுவர் முழுக்கக் காளைகள், குதிரைகள், மான்கள். சுமார் 17,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்டவை.

அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்ச் சொன்னார்கள் தெரியுமா? தங்கள் ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றிருந்த லெயோன் லவால் என்ற ஆசிரியரிடம். ஏதோ விளையாட்டு என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பிறகு தானே அந்தத் துளைக்குள் இறங்கிப் பார்த்தார். பார்த்தவுடன் அவர் செய்தது இரண்டு வேலை. அறிஞர்களுக்குச் செய்தி அனுப்பினார். யாரும் ஓவியத்தில் கை வைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அவர்களில் ஒருவனான ழாக் மர்சால் குகை வாசலிலேயே கூடாரம் அடித்துக் காவல் காத்தான். பின்னாளில் அந்தக் குகைக்கே வழிகாட்டியாகவும் காவலராகவும் வாழ்ந்து 1989இல் மறைந்தார். பத்து நாளுக்குள் ஹென்றி புரேய் என்ற பெரும் ஆய்வாளர் வந்து பார்த்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. நாடு அந்நியர் பிடியில் இருந்த நேரத்தில் இத்தனையும் நடந்தது.

1948இல் குகையைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நாளொன்றுக்கு 1,200 பேர்வரை வந்தார்கள். அத்தனை பேர் விட்ட மூச்சுக்காற்றின் கரியமில வாயுவும் ஈரமும் ஓவியத்தைக் கெடுத்தன. பாசி படர்ந்தது. 1963இல் குகையை மூடிவிட்டார்கள். இன்று பார்வையாளர்கள் பார்ப்பது பக்கத்தில் கட்டிய நகலைத்தான். ஆசையோடு பார்க்கப் போனவர்களாலும் ஒரு பழம்பொருள் கெடும் என்பதற்கு லாஸ்கோ சாட்சி.

இன்னொரு செய்தி. பிரான்சின் மிக அழகிய கிராமங்கள் என்று ஒரு சங்கம் இருக்கிறது. 1982 மார்ச்சில் 66 ஊர்த் தலைவர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். மக்கள்தொகை 2,000க்கு மேல் இருக்கக் கூடாது, பாதுகாக்கப்பட்ட சின்னம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், ஊர் மன்றமே கூடித் தீர்மானம் போட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்பவை விதிகள். மூன்றாவது விதியைக் கவனி. ஊர் தானே முன்வந்து கேட்டால்தான் பரிசீலனையே.

அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர் சார்ல் செராக், கொலோஞ் லா ரூஜ் என்ற சிவப்புக் கல் ஊரின் தலைவர். அவருடைய அண்ணன் நம்மவர்களுக்குத் தெரிந்தவர்தான். 1937இல் இளம் துறவியாக இந்தியா வந்து, தமிழ் படித்து, வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டு ஏழை மாணவர்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் செலவிட்டு, 2012இல் சென்னையில் மறைந்த ஃபாதர் பியேர் செராக். தம்பி தன் நாட்டுக் கிராமங்களைக் காக்க நின்றார், அண்ணன் நம் கிராமத்துப் பிள்ளைகளுக்காக நின்றார்.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

நம்மிடம் சுண்ணாம்புப் பாறை கொஞ்சம்தான். அரியலூர்ப் பக்கம் பழங்கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல் உண்டு; அது சிமெண்டு ஆலைக்குப் போகிறது. அண்ணாமலையைச் சுற்றியுள்ள பாறையோ 200 கோடி ஆண்டுகளைத் தாண்டிய, பூமிக்கடியில் வெந்து இறுகிய பாறை. அது தண்ணீரில் கரையாது. அதனால் லாஸ்கோ போன்ற நீண்ட குகைகள் இங்கே உண்டாகவில்லை. வெயிலிலும் மழையிலும் விரிந்து சுருங்கி இந்தப் பாறை வெடிக்கும். உருண்டைப் பாறைகளும் பலகை பலகையாகப் பிளந்த கற்களும் கிடைக்கும். பாறையின் குணத்துக்கேற்ப மனிதன் தன் நினைவைப் பதித்தான். அங்கே குகைச் சுவரில் தீட்டினான். இங்கே பலகைக்கல்லை நிமிர்த்தி நட்டு அதில் உளியால் செதுக்கினான்.

வரைபடத்தில் செங்கத்தைப் பார். வடக்கே ஜவ்வாது மலை. தெற்கே சாத்தனூரைச் சுற்றியுள்ள சென்னகேசவ மலைகளும் தென்பெண்ணை ஆறும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. இதுதான் செங்கம் கணவாய். தர்மபுரி, கிருஷ்ணகிரி மேட்டு நிலத்திலிருந்து கீழ்நாட்டுச் சமவெளிக்கு இறங்க வேண்டுமானால் இதுவே இயல்பான வழி. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு செங்கத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. வணிகன், கூத்தன், மாட்டு மந்தை, திருடன், படை, எல்லாம் இந்த வழியாகத்தான் வர வேண்டும்.

இந்த வழிக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழிகாட்டி நூல் எழுதப்பட்டுவிட்டது. பத்துப்பாட்டில் பத்தாவது பாட்டான மலைபடுகடாம். 583 அடிகள். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம். அதில் வரும் நவிரமலையை இன்றைய பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். சேயாறு என்பது நம் செய்யாறு. 1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தபோதுதான் இந்தப் பாட்டு எல்லோர் கைக்கும் எட்டியது.

பள்ளியில் இந்தப் பாட்டை மதிப்பெண்ணுக்காக நாலு வரி மனப்பாடம் செய்திருப்போம். பயண நூலாகப் படித்தால் வியப்பாக இருக்கும். நன்னனிடம் பரிசு பெற்று வரும் கூத்தன், எதிரே வறுமையோடு வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். இந்த இடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போங்கள். தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். இந்த வழியில் பாம்பு உண்டு. வழுக்கும் இடத்தில் குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டால் பாறைக் குகையில் தங்குங்கள். குறவர் குடியில் தினைச்சோறும் இறைச்சியும் தருவார்கள், கோவலர் குடியில் பால் கிடைக்கும். அருவி ஓசை, யானைப் பாகரின் பேச்சு, தேன் எடுப்பவரின் ஆரவாரம் என்று மலையில் எழும் ஒலிகளை அடுக்கிச் சொல்வதால்தான் அந்தப் பாட்டுக்கே இந்தப் பெயர்.

அந்தப் பாட்டில் என்னைக் கட்டிப்போட்ட இடம் ஒன்று உண்டு. பிரிந்து செல்லும் பாதைகளின் சந்திப்பில், புறமுதுகு காட்டாமல் மாண்ட மறவர்களின் பெயர் எழுதி நட்ட கற்கள் இருக்கும் என்று கூத்தன் சொல்கிறான். அவற்றின் முன் விருப்பமான பாட்டைப் பாடிவிட்டுக் கடந்து போங்கள் என்கிறான். செங்கத்துக்குப் போகும் வழி நெடுகிலும் நடுகல் இருந்தது என்று சங்கப் புலவர் பதிவு செய்துவிட்டார்.

வெறும் கவிஞர் கற்பனையா? 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில் இறந்த ஒருவனுக்கு நட்ட கல்லும் அவற்றில் ஒன்று. சங்க காலத்தில் பெயர் எழுதி நடுகல் நட்டார்கள் என்பது அதோடு உறுதியாயிற்று. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல் தேடுவது முதல் வழிபடுவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது.

செங்கம் வட்டாரத்தில் என்ன கிடைத்தது? தமிழ்நாடு தொல்லியல் துறை முனைவர் இரா. நாகசாமி தலைமையில் 1970களின் தொடக்கத்தில் இந்தப் பகுதியில் ஊர் ஊராகத் தேடியது. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் காட்டோரத்திலும் நின்ற எழுத்துள்ள நடுகற்கள் ஏராளமாக வெளிப்பட்டன. செங்கம் நடுகற்கள் என்று தனி நூலாகவே வெளியிட்டார்கள். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் முதலான பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகள் அவற்றில் இருக்கின்றன. எழுத்து வட்டெழுத்து.

மகேந்திரவர்மன் என்றால் நமக்குச் சீயமங்கலம் குடைவரை நினைவுக்கு வரும். வடமொழியில் நாடகம் எழுதிய அரசன். அவன் குடைவித்த கோயில்களில் அவனுடைய பட்டப்பெயர்கள்தான் இருக்கும். அதே காலத்தில் அவனுடைய நாட்டின் எல்லையில், மலையடிவாரத்தில், மாடு மேய்த்தவனும் ஊர்க்காவலனும் எப்படி வாழ்ந்தான், எப்படி இறந்தான் என்பது எந்தக் குடைவரையிலும் இல்லை. அது செங்கத்துப் பலகைக்கற்களில்தான் இருக்கிறது.

இந்தக் கற்களைப் படிக்கக் கல்வெட்டியல் பட்டம் வேண்டும் என்று பயப்பட வேண்டாம். எழுத்தைப் படித்துத் தந்துவிட்டால் பொருள் பிள்ளைகளுக்கே விளங்கும். பெரும்பாலான கற்கள் ஒரே வாய்பாட்டில் இருக்கும். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னார் ஆளும் பகுதியில், இன்ன ஊர்த் தொறுவைக் கொண்டபோது, இன்னாருடைய சேவகன் இன்னான், அதை மீட்டுப் பட்டான். அவ்வளவுதான். தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் இறந்துபட்டான். எப்போது, எங்கே, யார், எதற்காக என்ற நான்கு கேள்விக்கும் விடை மூன்று நான்கு வரியில் வந்துவிடும். செய்தி எழுதப் பழகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது.

ஏன் எல்லாம் மாட்டுச் சண்டை? அந்தக் காலத்தில் மாடு என்றாலே செல்வம். நெல்லைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மாட்டை ஓட்டிக்கொண்டு போகலாம். பகைவன் ஊரைத் தாக்குமுன் மந்தையைத்தான் கவர்வான். கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று இலக்கணமே வகுத்திருந்தார்கள். ஜவ்வாது அடிவாரத்தில் மேய்ச்சல் காடு நிறைய. கணவாய் வழியாக வந்து கவர்ந்துகொண்டு மலைக்குள் மறைவதும் எளிது. அதனால்தான் இந்த இடைவெளியில் இத்தனை நடுகற்கள். பின்னாளிலும் கணவாயின் குணம் மாறவில்லை. 1767 செப்டம்பர் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலேயப் படையும் மோதியது செங்கத்தில்தான். அதே மாதக் கடைசியில் அடுத்த சண்டை திருவண்ணாமலையில் நடந்தது.

இப்போது நான் சொல்ல வந்த கல்லுக்கு வருகிறேன். செங்கம் வட்டாரத்து எடத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை. வாணகோ அரையரின் உறவினரிடம் சேவகம் செய்த கருந்தேவக்கத்தி என்ற இளைஞன், தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்தான். கல்லில் வில்லோடு அவன் உருவம். அவன் காலடியில் ஒரு நாய். அந்த நாய்க்கும் தனியாக எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு திருடர்களைக் கடித்து, இறந்த தலைவன் அருகே காத்து நின்றது என்பது அந்த எழுத்தின் செய்தி.

யோசித்துப் பாருங்கள். உளியும் சுத்தியலும் கொண்டு கடும்பாறையில் ஒவ்வொரு எழுத்தையும் கொத்த வேண்டிய காலம். எழுத்துக்கு எழுத்து உழைப்பு. அந்த நிலையில், ஒரு நாயின் பெயரை விடக் கூடாது என்று அந்த ஊரார் நினைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைக்கோழிக்கு ஒரு கல் இருக்கிறது. அதைவிடவும் பழையது அது. உதவியவர் யாராக இருந்தாலும் நன்றி சொல்லிப் பெயர் எழுதுவது இந்த மண்ணின் வழக்கமாக இருந்திருக்கிறது.

லாஸ்கோவைக் கண்ட கதையில் வரும் ரோபோ என்ற நாயை உலகமே அறியும். கோவிவனை நம் மாவட்டத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? தென் பிரான்சின் ஆட்டிடையர் நிலத்தை உலகப் பாரம்பரியம் என்று யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது என்று மேலே சொன்னேன். நம் மாட்டிடையர்களின் வரலாறு அவர்கள் பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் கல்லில் எழுதப்பட்டுச் செங்கத்தில் நிற்கிறது.

நிற்கிறது என்று எழுதிவிட்டேன். எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் கவலை.

இந்தக் கற்கள் 1,400 ஆண்டு தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் நம் மக்களின் வழிபாடு. இந்த வட்டாரத்தில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கல்லில் இருப்பவன் பெயர் மறந்துபோனாலும், இவன் நமக்காகச் செத்தவன் என்ற உணர்வு தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. பொங்கல் வைத்துப் படையல் இட்டுக் காத்தவர்கள் அவர்கள்தான். தொல்காப்பியம் கடைசி நிலையாகச் சொல்லும் வாழ்த்தும் வழிபாடும் இன்னும் நடக்கிறது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

ஆனால் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் நிலைமை மாறிவிட்டது. வசதி வந்ததும் ஊரார் ஆசை ஆசையாகக் கோயிலைப் புதுப்பிக்கிறார்கள். கல்லுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கிறார்கள். சுற்றிலும் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். அடியில் சிமெண்டுப் பீடம் கட்டும்போது கீழ் வரிகள் உள்ளே புதைந்துவிடுகின்றன. வழிபாடு இல்லாத கற்களின் கதி இன்னும் மோசம். சாலையை அகலப்படுத்தும்போதும் ஏரிக்கரையைச் சீரமைக்கும்போதும் பொக்லைன் வாளியில் மண்ணோடு மண்ணாகப் போய்விடுகின்றன. வாய்க்கால் பாலமாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் கிடந்த எழுத்துக் கற்களை நானே பார்த்திருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. லாஸ்கோவில் மூச்சு விட்டவர்களுக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் ஒருமுறை போன எழுத்து திரும்ப வராது.

அரசு ஒவ்வொரு கல்லுக்கும் காவலர் போட முடியாது. தொல்லியல் துறையிடம் அத்தனை ஆளும் இல்லை. மோன்டினியாக்கில் அரசு வருமுன்பே காத்தது யார்? ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியரும் கூடாரம் அடித்த ஒரு சிறுவனும். இங்கும் அப்படி ஊருக்கு இரண்டு பேர் கிடைத்தால் போதும்.

எனவே ஆசிரிய நண்பர்களுக்கும் இளைஞர்களுக்கும் என் வேண்டுகோள் இவை.

1. உங்கள் ஊரில் வேடியப்பன் கல், வீரன் கல் என்று எது இருந்தாலும் போய்ப் பாருங்கள். எங்கே இருக்கிறது, எந்தத் திசை பார்த்து நிற்கிறது, உருவத்தின் கையில் என்ன ஆயுதம், விலங்கு ஏதாவது உண்டா, எழுத்து தெரிகிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையையும் அப்படியே எழுதுங்கள்.

2. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் படம் எடுங்கள். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. இருட்டிய பிறகு பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் மங்கிய எழுத்தும் மேலெழும்பித் தெரியும்.

3. எழுத்துத் தெரிய வேண்டும் என்று மாவு, விபூதி, சுண்ணாம்பு பூசாதீர்கள். கம்பியால் சுரண்டாதீர்கள். பெயிண்ட்டை ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். படியெடுப்பதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

4. கல்லை இடம் மாற்றாதீர்கள். அது நிற்கும் இடமே ஒரு சான்று. அந்தக் காலத்து வழி எது, ஊர் எல்லை எது என்பதை அந்த இடம்தான் சொல்லும். புதிதாக எழுத்துள்ள கல் கண்டால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் தெரிவியுங்கள்.

5. கும்பிடுகிற கல்லானால் ஊராரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள்தான் உண்மையான காவலர்கள். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துச் சொல்லுங்கள். தங்கள் சாமிக்கு ஒரு பெயரும், தன் ஊர் மாட்டை மீட்ட கதையும் உண்டு என்று தெரிந்தால், எழுத்தின் மேல் பெயிண்ட் அடிக்க அவர்களே விட மாட்டார்கள். எண்ணெய்க்கும் கற்பூரத்துக்கும் முன்னால் தனியாக ஒரு கல் போட்டுக்கொள்ளலாம்.

பௌர்ணமிக்கு வருகிற வெளியூர் நண்பர்கள் கிரிவலம் முடிந்த மறுநாள் ஒரு பொழுதை இந்தப் பள்ளத்தாக்குக்குத் தாருங்கள். செங்கத்தில் ரிஷபேஸ்வரர் கோயில், செய்யாற்றங்கரை. செங்கம் வட்டாரத்து மோட்டூரில் மனித உருவத்தை நினைவூட்டும் பெரிய பலகைக்கல், நடுகற்களுக்கும் முந்திய பெருங்கற்காலச் சின்னம். அங்கிருந்து சாத்தனூர் அணை. 1958இல் கட்டி முடித்தது, தென்பெண்ணை மலைகளுக்கிடையே தேங்கி நிற்கும் அழகைப் பார்க்கலாம். திரும்பும்போது கடலாடி வழியாக வந்தால் பர்வதமலை தெரியும். மலைபடுகடாம் உரையை ஒருமுறை படித்துவிட்டு அந்த மலையைப் பாருங்கள். வேறு மலையாகத் தெரியும். ஊர்களுக்குள் போகும்போது உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு, கேட்டுவிட்டுப் பாருங்கள். குப்பை போடாதீர்கள்.

மாணவத் தம்பிக்கு ஒரு வார்த்தை. நீ பார்த்த கிராமங்கள் அழகாக இருப்பதற்குப் பாறை மட்டும் காரணம் இல்லை. எங்கள் ஊரைப் பட்டியலில் சேருங்கள் என்று ஊர் மன்றம் கூடித் தீர்மானம் போட்டதும் காரணம். நம்மிடம் கிராம சபை இருக்கிறது. எங்கள் ஊர் நடுகல்லைக் காப்போம் என்று ஒரு கிராம சபைத் தீர்மானம் போட ஒரு பைசா செலவில்லை. அடுத்த கூட்டத்தில் இதைப் பேச எங்கள் பக்கத்து நண்பர்கள் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மலைபடுகடாம் கூத்தன் இன்னொரு யோசனையும் சொல்கிறான். வழி பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர்கள் தடுமாறாமல் இருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். இந்தப் பதிவை அப்படி ஒரு முடிச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

செங்கம், தண்டராம்பட்டு, கலசப்பாக்கம், போளூர், ஜவ்வாது மலைப் பக்கத்து நண்பர்கள், உங்கள் ஊரில் நடுகல் இருந்தால் ஊர்ப் பெயரோடு கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். ஊருக்கு ஒன்றாகப் பட்டியல் தயாரிக்கலாம்.